உயிரோடு இருப்பவளுக்குப் படையல்

கோலாப் அந்த அநாதை இல்லத்தின் சமையல்காரி. அங்கிருந்த பிள்ளைகள் எல்லோரும் அவளைச் சின்னம்மா என்று கூப்பிடுவார்கள். அவள் வயிற்றில் பிறந்த மாலியாவும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். இல்லத்தை நடத்தும் வூத்தி, அவளை வேலைக்குச் சேர்த்த அன்றே போட்ட நிபந்தனை அது.

புருஷன் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய் சேதியே இல்லாமல் போன வருஷம், கிராமத்துக்கு ஓர் ஆள் வந்தான். சியெம் ரீப் நகரத்தில் பள்ளிக்கூடம், சோறு, இங்கிலீஷ் எல்லாம் இலவசம் என்றான். கோலாப் மகளை அனுப்பிவைத்தாள். ஆனால் பிரிந்து இருக்க முடியவில்லை. ஒரு மழைக்காலத்தில் தானே தேடி வந்து வாசல் கேட்டில் நின்றாள். வூத்தி அவளைத் துரத்தவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இங்க பாரு அக்கா, உன் பொண்ணு படத்தைப் பார்த்துத்தான் வெளிநாட்டுல இருந்து மாசாமாசம் பணம் அனுப்புறாங்க. அப்பா அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கு. நீ இங்க வந்து நின்னா அவ படிப்பு போச்சு. சமைக்கத் தெரியுமில்ல? உள்ள வந்து சமை. ஆனா அவளுக்கு நீ சின்னம்மா. அவ்வளவுதான்."

படிப்பு போச்சு என்ற சொல்லுக்குத்தான் அவள் தலையாட்டினாள்.

அடுப்படியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். விருந்தாளிகள் வரும் நாளில் பிள்ளைகளின் நல்ல சட்டைகள் பெட்டிக்குள் போகும், கிழிந்தவை வெளியே வரும். படுக்கிற அறையின் கூரை வருஷக்கணக்காக ஒழுகியது. ஒழுகலைப் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் ஏராளம். அடைத்துவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? கையில் காசு கொடுக்கத் தயங்குகிறவர்களை வூத்தி தன் மச்சான் கடைக்கே கூட்டிப் போய் அரிசி மூட்டை வாங்க வைப்பான். பிள்ளைகள் மூட்டையைச் சுற்றி நின்று சிரிப்பார்கள், வந்தவர்கள் படம் எடுப்பார்கள். வண்டி தெருமுனை தாண்டியதும் மூட்டை கடைக்குத் திரும்பிவிடும். ஓரத்தில் நீல நூலால் தைத்த மூட்டை ஒன்று இருந்தது. எத்தனையோ பேர் அதை விலைக்கு வாங்கிக் கண்கலங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கோலாப் ஊற்றியது குருணைக் கஞ்சியும், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் புளித்த மீன் விழுதும்தான்.

"சின்னம்மா, இந்த மூட்டைக்கு நம்மள விட வயசு அதிகம்," என்று பெரிய பெண்களில் ஒருத்தி சொல்ல, கோலாப்பும் சிரித்துவிடுவாள். சிரித்த வாயைப் பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பாள். ஆனாலும் மாலியா மூச்சு விடாமல் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டால், இன்னும் ஒரு வருஷம் என்று மனசைத் தேற்றிக்கொள்வாள்.

அந்த வருஷம் பச்சும் பென் வந்தது. செத்தவர்கள் பசியோடு விகாரை விகாரையாக அலைந்து, தங்கள் சனம் தங்களுக்குச் சோறு வைத்திருக்கிறதா என்று தேடும் நாட்கள். மாலியாவுக்குப் பணம் அனுப்பும் ஆஸ்திரேலியத் தம்பதி, மார்லீனும் பாரியும், அப்போதுதான் முதல் தடவையாக நேரில் வந்திருந்தார்கள். வூத்தி அடுப்படிக்கு வந்தான்.

"நாளைக்கு மாலியா அவ அம்மாவுக்குப் படைக்கப் போறா. அவங்களும் கூட வர்றாங்க. ஒட்டரிசியை வாழையிலையில கட்டி நல்லதா அவிச்சு வை."

"விகாரையில செத்தவங்க பேரைக் கேப்பாங்களே."

"சொல்லட்டும்."

"அது என் பேரு. வேற ஏதாவது பேரு சொல்லச் சொல்லு."

"இத்தனை வருஷமா இந்தப் பேரைத்தான் அவங்களுக்குச் சொல்லியிருக்கோம். மாத்தினா கேள்வி வரும்."

"உயிரோட இருக்கிறவ பேரைப் பிரேதங்களோட சேர்த்து ஓதுறதா? நீயும் நம்ம கெமர் சனம்தானே?"

"உனக்கு என்ன ஆகப் போகுது, கல்லு மாதிரி இருக்க. பயமா இருந்தா சொல்லு, மாலியாவை இன்னைக்கே ஊருக்கு அனுப்பிடறேன்."

அன்று சாயங்காலம் கோலாப் தனக்கான படையலைத் தானே அவித்தாள். வாழையிலை வேகும் மணம் அவளுக்குப் பிடித்த மணம். அன்றைக்கு மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் விகாரையில் கூட்டம் நெரிந்தது. தோள் கிழிந்த சட்டை போட்டு மாலியாவை முன்னால் உட்கார வைத்திருந்தான் வூத்தி. கோலாப் சோற்றடுக்கோடு பின்னால் மண்டியிட்டிருந்தாள். சடங்கு பார்க்கும் பெரியவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்தார்.

"யாருக்கும்மா?"

"அம்மாவுக்கு."

"பேரு?"

மாலியா திரும்பிப் பார்த்தாள். வூத்தி அவள் முதுகில் விரலால் குத்தினான்.

"கோலாப்," என்றாள் அவள்.

பெரியவர் மைக்கை வாயருகே இழுத்தார். அவள் பேர் கூடம் முழுக்கக் கேட்டது. பசித்திருக்கும் கோலாப்பே, எங்கே அலைந்தாலும் வா, உன் மகள் வைத்ததை உண்ணு. சந்தையில் மீன் விற்கிற பெண் பக்கத்தில் இருந்தாள். அவள் கோலாப்பின் இடுப்பை இடித்தாள். "ஏய், உன் பேருடி. யாரு செத்தது?"

கோலாப் நிமிர்ந்தாள். "நான் இங்கதான் இருக்கேன். சாகலை. அவ என் பொண்ணு."

ஓதுவது நின்றது. மார்லீன் என்னவென்று கேட்டாள். வூத்தி ஒரு நொடி யோசித்துவிட்டு, புன்சிரிப்போடு இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னான். மார்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டியிட்டபடியே நகர்ந்து வந்து கோலாப்பின் இரண்டு கைகளையும் பிடித்து, அவற்றின்மேல் முகத்தை வைத்து அழுதாள். பாரி கைபேசியைத் தூக்கிப் பிடித்தான்.

"என்ன சொல்றாங்க இவங்க?" என்று மகளைக் கேட்டாள் கோலாப்.

"செத்துப்போன அம்மாவோட ஆவி உன் மேல வந்திருக்குன்னு வூத்தி சொல்லிட்டார். இவங்க உன்கிட்டப் பேசலை, ஆவிகிட்டப் பேசுறாங்க. என்னை நல்லாப் பார்த்துக்குவாங்களாம். நீ நிம்மதியாப் போகணுமாம்."

"இல்லைன்னு சொல்லு. நீதான் இங்கிலீஷ் படிச்சிருக்கியே, சொல்லு."

மாலியா சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். மார்லீன் அவள் கன்னத்தைத் தடவி, இன்னும் அதிகமாக அழுதாள்.

"என்னவாம்?"

"ஆமா கண்ணு, உங்கம்மா இங்கதான் இருக்கான்னு எனக்கும் தெரியுதுங்கிறாங்க."

கோலாப் கைகளை உருவிக்கொண்டாள். யாருடைய கண்ணீரோ விரலிடுக்கெல்லாம் பிசுபிசுத்தது. கைலியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். வூத்தி அவள் காதருகே குனிந்தான். "நல்லாப் பண்ணினே அக்கா. வர்ற வருஷமும் இதையே வச்சுக்கலாம். உனக்கும் ஏதாவது பார்த்துச் செய்யறேன்."

அவள் எழுந்தாள். மகள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பிக்குகள் குளிக்கும் தொட்டிப் பக்கமிருந்த பின்வாசல் வழியாக வெளியே வந்தாள்.

"என் துணியெல்லாம்?" என்றாள் மாலியா.

"கிடக்கட்டும்."

"பள்ளிக்கூடம்?"

"ஊர்ல ஒண்ணு இருக்கு. வாத்தியார் வந்தா உண்டு, வராட்டி இல்ல."

மாலியா கையை உதறிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஊருக்குப் போகும் வேனில் இடிபட்டு உட்கார்ந்த பிறகும் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள். பிள்ளைக்குக் கோபம்தான். அந்தக் கோபம் எத்தனை நாள் இருக்குமோ, எதைச் சொல்லி ஆற்றுவதோ, கோலாப்புக்குத் தெரியவில்லை.

பாதி வழியில் அவள் கைபேசி அடித்தது. வூத்திதான். கோபமே இல்லாத குரல்.

"போனது போகட்டும் அக்கா. கட்டில் காலியாக் கிடக்கக் கூடாது, அடுத்த வாரம் வேற ஆளுங்க வர்றாங்க. உன் தங்கச்சிக்கு ஒரு சின்னப் பொண்ணு இருக்கில்ல? அப்பன் இருந்தாப் பரவாயில்ல, நான் பார்த்துக்கறேன்."

கோலாப் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, வெளியே காறித் துப்பினாள்.