தாய்மாமன் மாத்திரை போட்டுவிட்டு வருவார்

போன மாதம் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு சுகர் டெஸ்ட்டுக்குப் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் சேகர்! எங்கள் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்து, பாதிச் சுவரோடு காணாமல் போன மேஸ்திரி. ஒரு வருஷமாகத் தேடுகிறேன்... விடுவேனா?

“என்னப்பா, போனே எடுக்க மாட்டேங்கிறே?”

வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ‘இருங்க’ என்று கையை மட்டும் காட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாதி வேலையில் ஓடியவருக்கு இத்தனை திமிரா என்று குரலை உயர்த்திவிட்டேன்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “சார், அவர் நாக்குக்கு அடியில மாத்திரை இருக்கு. கரையற வரைக்கும் பேசக் கூடாது.”

போதை ஊசிப் பழக்கத்தை விடுவதற்கு, அதற்குப் பதிலாக டாக்டர் கொடுக்கிற மாத்திரை அது. தினமும் நர்ஸின் கண்ணெதிரே கரைய வேண்டும். கரைந்ததும் வாயைத் திறந்து காட்டிவிட்டு என்னிடம் வந்தார் சேகர்.

“மன்னிச்சிக்குங்க சார். ஒங்க வேலை நடக்கச் சொல்லோதான் அந்தப் பழக்கம் முத்திப் போச்சி.”

திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறாராம். மழையோ, ஞாயிறோ, ஒன்பது மணிக்கு ஆஜர். எட்டு மாதமாக! வாக்கிங் போகப் புது ஷூ வாங்கி, நாலாம் நாளே அதைப் பரணில் போட்ட ஆள் நான்.

“அப்ப சரியாயிடுச்சுன்னு சொல்லு.”

“இல்லைங்க சார்...” தலை குனிந்தார். “நடுவுல ரெண்டு தபா வழுக்கிட்டேன்.”

மாத்திரை போட்டுக்கொண்டேவா? எனக்குப் புரியவில்லை.

“ஒடம்பு ஊசி கேக்கலைங்க சார், மனசுதான். மொத தபா, பழைய கூட்டாளிங்க பஸ் ஸ்டாண்டுல பாத்து இட்டுக்கினு போயிட்டானுங்க. ரெண்டாவது, தங்கச்சி ஊட்டுக்குப் போன அன்னிக்கு. நான் நுழைஞ்சதும் மச்சானோட அண்ணன் பீரோ சாவியை எடுத்து இடுப்புல சொருவிக்கினாரு. புள்ளைக்குக் காது குத்தறப்ப வேற யாரு மடியிலயாச்சும் ஒக்கார வெக்கலாம்னு பேசிக்கினாங்க. நான்தானே சார் தாய்மாமன்? அன்னிக்கே ஊசியைத் தேடிப் போயிட்டேன்.”

மறுநாளே மறைக்காமல், ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு எத்தனை தைரியம் வேண்டும்! அந்த அம்மாவும் திட்டவில்லை. “நேத்து என்ன நடந்துச்சு? கூட யார் இருந்தா?” என்றுதான் கேட்டாராம். பிறகு தங்கையை வரவழைத்துப் பேசினாராம்.

நானாக இருந்தால் ஒரு மணி நேரம் லெக்சர் அடித்திருப்பேன். ஆனால், சுகர் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஒரு கை பார்க்கிறவன்தானே நான்? பசியிலா தின்கிறேன்? பக்கத்து இலைக்காரர் “ஒண்ணு சாப்பிட்டா என்ன?” என்பார். இல்லையென்றால் அன்று வீட்டில் சண்டை. இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் நான் வழுக்கினால் டாக்டர் சிரிக்கிறார். சேகர் வழுக்கினால் சாவி இடுப்புக்குப் போகிறது.

போன ஞாயிறு விழுப்புரம் பக்கம் கெடாரில் அந்தக் காது குத்து. சேகர் அழைத்தார் என்று நானும் போயிருந்தேன். மணி பத்தரை. ஆசாரி ரெடி. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை ரெடி. தாய்மாமனை மட்டும் காணோம். பஸ் ஸ்டாண்டில் யாராவது பிடித்துக்கொண்டார்களோ?

மச்சானின் அண்ணன் ஆரம்பித்தார். “வெயிலு ஏறுது. ஜல்தியா யாரு மடியிலயாச்சும் ஒக்கார வெய்யிங்கப்பா.”

சேகரின் தங்கை மாலா அசையவில்லை. “எங்க அண்ணன் ஆஸ்பத்திரியில மாத்திரை போட்டுக்கினு வரும். அதுவரைக்கும் எல்லாரும் இருங்க.” — அத்தனை உறவுக்கும் முன்னால், பட்டென்று!

பத்தே முக்காலுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார் சேகர். சீர்த்தட்டை வைத்துவிட்டு, மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தபோது நான் சேகரின் கையைத்தான் பார்த்தேன். குழந்தையின் தலையை ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தது அந்தக் கை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

“ஏம்மா, இவ்வளவு லேட்டாவா நேரம் குறிச்சுக் கொடுத்தாங்க?” என்று மாலாவிடம் கேட்டேன்.

“ஐயரு ஏழரைக்குத்தான் குறிச்சாரு சார். ஆஸ்பத்திரி தொறக்கறதே ஒம்போது மணிக்கு... நான்தான் அடம் புடிச்சி பத்தரைக்கு மேல மாத்திக்கினு வந்தேன்.”

ராகு காலம், எமகண்டம் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி திறக்கும் நேரம் பார்த்து நல்ல நேரம் குறித்தவரை அன்றுதான் பார்த்தேன்.

பந்தியில் சேகர் என் பக்கத்தில். ஜாங்கிரி வந்தது. என் கை தானாக நீண்டது... சேகர் என் இலையைக் கையால் மறைத்தார். “சாருக்கு வேணாம்ப்பா.”

நாளையிலிருந்து மிச்சச் சுவருக்கு டைல்ஸ் ஒட்ட வருகிறார். ஆஸ்பத்திரி போய்விட்டு வந்து சேரப் பதினொரு மணி ஆகும். நானும் மனைவியும் அப்போது ஆபீசில் இருப்போம்.

பரவாயில்லை... வீட்டுச் சாவி சேகரிடம்தான் இருக்கிறது.