பூட்டுக்குக் கிடைக்காத பரிந்துரை

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவள் பெரியவள். மருந்துக்கடையில் நிற்பவள் சின்னவள். சமையலறை ஒன்று, அடுப்பு ஒன்று. இதுவரை சண்டை என்று ஒன்று வந்ததில்லை. பொறாமை மட்டும் பெரியவளின் நெஞ்சுக்குள் சத்தமில்லாமல் குடியிருந்தது. வாசலில் இருவரும் ஆளுக்கொரு ரோஜாச்செடி வைத்தார்கள். சின்னவளுடையது பூத்துக் குலுங்கியது. பெரியவளுடையது குச்சியாக நின்றது. ஒரே தண்ணீர், ஒரே வெயில். கடவுளுக்கே ஓரவஞ்சனையோ என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரியவளுக்கென்று இருந்தது கால்பந்து ஒன்றுதான். கைப்பேசி பழுது பார்க்கும் கொழுந்தன், சின்னவளின் கணவன், கணினியில் ஒரு லீக் நடத்தினான். எட்டு பேருக்கு எட்டு அணி. ஆட்டக்காரர்கள் எல்லாம் கணினிக்குள் இருக்கும் பொம்மைகள். யாரை எங்கே நிறுத்துவது என்று சொல்வதோடு உரிமையாளரின் வேலை முடிந்தது, ஆடுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும். நான்கு சீசனாகப் பெரியவளின் அணி அடிமட்டத்தில்தான் கிடந்தது. அதிலும் ஒரு மாணிக்கம் இருந்தான், கோல்கீப்பர். அவனுக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தாள். அணி தோற்றாலும் அவன் பாய்ந்து பாய்ந்து பந்தைத் தடுப்பதைப் பார்க்கும்போது, நாளெல்லாம் நின்ற கால்வலி மறந்துபோகும்.

இந்த வருஷம் சின்னவளும் சேர்ந்தாள். கார்னர் என்றால் என்னவென்று பெரியவள்தான் சொல்லிக்கொடுத்தாள். சீசன் முடிவில் சின்னவளின் அணி முதலிடம். அவள் அவசரக்காரன் என்று பெயர் வைத்த ஆட்டக்காரன் கோலாகப் போட்டுத் தள்ளினான். பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மீதி இருந்தது சிறந்த ஆட்டக்காரர் விருது. ஒவ்வொரு உரிமையாளரும் மற்ற அணிகளிலிருந்து மூன்று பேரைப் பரிந்துரைக்க வேண்டும். அதிகப் பரிந்துரை பெறும் மூவர் இறுதி ஓட்டுக்குப் போவார்கள். பூட்டு ஜெயிக்கக்கூட வேண்டாம், அந்த மூவரில் ஒருவனாக வந்தால் போதும் என்று பெரியவள் விளக்கேற்றி வேண்டிக்கொண்டாள்.

பரிந்துரை எழுத உட்கார்ந்தபோது இரண்டு பெயர் சுலபமாக வந்துவிட்டது. மூன்றாவது இடத்துக்குத் தகுதியானவன் அவசரக்காரன்தான். விரல் அசையவில்லை. வேறு எவனையாவது எழுதலாம் என்றால், தகுதியில்லாதவன் பெயரை எழுதுவது பொய்யாகிவிடும். காலியாக விட்டால் பொய் ஆகாதே! கடவுளுக்கும் சரி, தனக்கும் சரி என்று காலியாகவே அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவர் பெயர் வந்தது. அவசரக்காரன் இருந்தான். பூட்டு இல்லை.

சமையலறையில் சின்னவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் தண்ணீர் குடிக்க வந்தான். பெரியவள் விடவில்லை.

"கோல் போட்டவன் எல்லார் கண்ணுக்கும் தெரியறான். தடுத்தவன் தெரியமாட்டான். இது என்ன நியாயம் தம்பி? ஜெயிச்ச டீம் ஆளுங்களுக்கு மட்டும்தான் விருதா?"

கொழுந்தன் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினான்.

"பூட்டுக்கு ஆறு பரிந்துரை வந்துச்சு அண்ணி. என் வீட்டுக்காரிகூட முதல் பேரா அவனத்தான் எழுதியிருந்தா."

"அப்புறம்?"

"மூணு இடத்தையும் நிரப்பாதவங்களோட ஆட்டக்காரனுக்கு வந்த பரிந்துரைல பாதிய கழிக்கணும்னு சீசன் தொடங்கறப்பவே பேசினோம்ல? உங்க மூணாவது இடம் காலியா இருந்துச்சு."

அப்போது துணி மடித்துக்கொண்டே தலையாட்டியது பெரியவளுக்கு மங்கலாக நினைவு வந்தது. ஆறு மூன்றாகிவிட்டது. பூட்டு எந்தப் பந்தையும் விடவில்லை, அவள்தான் அவனைக் கவிழ்த்திருக்கிறாள்.

அந்தக் காலி இடம் யாருக்கு உரியது என்று சின்னவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கத்தி ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி ஓடியது. தலை நிமிராமலே கணவனிடம் சொன்னாள்.

"என் ஆள எடுத்துட்டு அக்கா ஆளப் போடுங்க. எனக்குத்தான் கோப்பை இருக்கே."

திட்டியிருந்தால்கூடப் பெரியவள் தாங்கியிருப்பாள். நல்ல மனசிலும் இவளே முதலிடம் பிடிக்க வேண்டுமா! சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பூட்டு உள்ளே வந்துவிடுவான். காலையும் மாலையும் அவள் வேண்டியது அதைத்தானே.

"வேண்டாம்மா. பிச்சையா வாங்கிக் குடுத்தா அவனுக்கு அசிங்கம். கழிச்சது கழிச்சதாவே இருக்கட்டும்."

"அவன் பொம்மை அண்ணி," என்றான் கொழுந்தன்.

"எனக்கு இல்ல."

மறுநாள் இறுதி ஓட்டு. தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையின்போது, இஸ்திரி மேசை ஓரத்தில் நின்று கைப்பேசியைத் திறந்தாள். மூன்று பெயர்களையும் மேலும் கீழும் பார்த்தாள். மற்ற இருவரும் அவசரக்காரனின் கால் தூசுக்குப் பெறமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை காலியாக விடவும் வழியில்லை, விட மனசும் இல்லை. சூடான இஸ்திரிப்பெட்டியைத் தொடுவதுபோல் அவன் பெயரைத் தொட்டுவிட்டு விரலை இழுத்துக்கொண்டாள்.

ஒரு பாரம் இறங்கியது. கண்ணை மூடி, 'அவன் தோற்கணும்னு என்னை வேண்ட விடாதே' என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டாள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. அடுத்த சட்டையை விரித்து நீவும்போது, தன்னையறியாமல் அவன் தோற்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டிருந்தாள்.