தலை கீழேதான் என்று சொன்ன நாள்

விரல் விறைப்பை நான் மூன்று மாதம் ஒளித்து வைத்திருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. பிரசவ வாட்டில் மருத்துவிச்சியாக அதற்குள் முப்பது வருடம் கழிந்திருந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள். பிறகு, அது முதுகெலும்புக்கும் போயிருக்கிறது என்றார்கள். "வருத்தத்தை முற்றாக மாத்த ஏலாது. மருந்தோடை கொண்டு போகலாம்" என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். மூன்று கிழமைக்கு ஒருக்கால் மருந்து ஏற்றினார்கள். ஏற்றிய கிழமை லீவு எடுப்பேன். மற்ற இரண்டு கிழமையும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

என் கணவர் மறித்தார். "பேசாமல் வீட்டிலை இரும். இனி என்னத்துக்கு உமக்கு வேலை?"

அவருக்குச் சொல்லாத காரணம் ஒன்று என்னிடம் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் என் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டுதான் என்னோடு கதைத்தார்கள். நோவெடுத்துக் கட்டிலில் கிடக்கிற ஒருத்திக்கு என் துணி கண்ணில் படாது. எட்டி என் கையைப் பிடிப்பாள். அந்த அறைக்குள் நான் மிஸ்ஸி, மருத்துவிச்சி. வேறெங்கும் நான் வருத்தக்காரி.

நாலாவது முறை மருந்து ஏற்றிய பிறகு விரல் நுனிகள் விறைத்து மரத்துப்போகத் தொடங்கின. சட்டைத் தெறி பூட்ட முடியவில்லை. கொதிக்கிற கேத்திலைத் தொட்டது தெரியாமல், கொப்புளம் வந்த பிறகுதான் கண்டேன். தெல்லிப்பழைக்குப் போகும்போதெல்லாம் கேட்டார்கள்: "கை கால் விறைக்குதோ?" "கொஞ்சம்" என்றேன்.

கர்ப்பிணியின் வயிற்றைத் தடவி, பிள்ளையின் தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று சொல்வது என் வேலை. தலை கெட்டியாக உருண்டு தெரியும். பின்பக்கம் மெத்தென்று இருக்கும். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

அப்போது என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண் மயிலிட்டிப் பக்கம். புருஷன் கடலுக்குப் போகிறவன். அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து எங்கள் வாட்டில்தான் பிறந்தது. தாய்க்குக் காட்ட வேண்டாம் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். நான் அதைக் குளிப்பாட்டி, துவாயில் சுற்றி, அவள் கையில் கொடுத்தேன். அரை மணித்தியாலம் மடியில் வைத்திருந்தாள். அதன் பிறகு அவளுக்கு என்னில்தான் நம்பிக்கை. அடுத்த பிள்ளை தங்கியதும், கிளினிக்கில் நான் எந்தக் கட்டிலில் பார்க்கிறேனோ அங்கேதான் வந்து நிற்பாள்.

முப்பத்தேழாவது கிழமை வந்திருந்தாள். "மிஸ்ஸி, பிள்ளை சரியாக் கிடக்கோ?"

வயிற்றில் கையை வைத்தேன். தடித்த துணிக்கு மேலால் தொடுவது போல இருந்தது. கீழே ஏதோ உருண்டையாக இருக்கிறது என்று நினைத்தேன். நிச்சயமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டொக்டர் இருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், உமக்கு ஏன் தெரியேல்லை என்று கேட்பார்.

"தலை கீழைதான், பிள்ளை. பயப்பிடாமல் போட்டு வா."

"நீங்கள் சொன்னால் சரி, மிஸ்ஸி" என்று சிரித்துக்கொண்டு எழும்பினாள்.

ஒன்பதாம் நாள் காலை அவளை ஓட்டோவில் கொண்டு வந்தார்கள். பன்னீர்க்குடம் உடைந்து, பிள்ளையின் கால் ஒன்று வெளியே தெரிந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஒப்பரேசன் தியேட்டருக்கு ஓடினோம். ஓடும்போது அவள் என் விரல்களைப் பிடித்திருந்தாள். குனிந்து பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

"மிஸ்ஸி, இதுவும் போயிடுமோ?"

நான் கட்டிலை இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

பெண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. மூச்சு வர நேரமெடுத்தது. பதினொரு நாள் குழந்தைகள் பிரிவில் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. "கடைசி நேரத்திலை பிரளுற பிள்ளையளும் இருக்கு" என்றார் எங்கள் பெரிய டொக்டர். பிள்ளை பிறந்த அன்று பின்னேரமே அவருடைய அறைக்குப் போனேன்.

"அது பிரளேல்லை, டொக்டர். எனக்கு மூண்டு மாதமா விரல் விறைப்பு. தெரியாமல்தான் தலை எண்டு சொன்னனான்."

அவர் கண்ணை மூடச் சொன்னார். மேசையில் கையை விரித்து வைத்தேன்.

"தொடுறது தெரிஞ்சால் சொல்லுங்கோ."

காத்திருந்தேன். கனநேரம் போல இருந்தது. "இன்னும் தொடேல்லையோ, டொக்டர்?" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தேன். அவருடைய பேனை முனை என் சுட்டுவிரலில் இருந்தது. மற்ற நாலு விரல்களிலும் நீலப் புள்ளிகள்.

மருத்துவக் காரணத்தில் ஓய்வு தந்தார்கள். வாட்டில் கேக் வெட்டினோம். எல்லோரும் என் கைகளைப் பற்றிப் பேசினார்கள், எத்தனை பிள்ளைகளை ஏந்திய கைகள் என்று. நான் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு கேட்டேன்.

நாலு மாதம் கழித்து அவள் பிள்ளையோடு என் வீடு தேடி வந்தாள். கருவாட்டுப் பொட்டலம் ஒன்றும் கொண்டு வந்திருந்தாள். நான் கதிரையில் இருக்க, பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

"நீங்கள் அண்டைக்கு நிண்டபடியாத்தான் இவள் தப்பினவள், மிஸ்ஸி. மாதாவுக்கு அடுத்ததா நீங்கள்தான்."

அதைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

என் விரல்களைப் பார்த்தாள். "விறைப்பெண்டு அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ தலை எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம், பிள்ளை."

எழும்பி வந்து பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கினாள். ஏசவில்லை. என் கணவர் தேத்தண்ணியோடு வெளியே வந்தபோது அவள் வாசல் படலையைத் தாண்டிவிட்டாள்.

"சொல்லாமல் விட்டிருக்கலாமே. பிள்ளை சுகமாத்தானே இருக்கு" என்றார் அவர்.

அப்படித்தான் தெரிந்தது. நாலு மாதத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. மூச்சு வரத் தாமதித்த பிள்ளைகளுக்குச் சில குறைகள் பிறகுதான் தெரியவரும். அவருக்கு அது தெரியாது.

அவள் பிறகு வரவில்லை. எனக்கு இப்போது வேறு மருந்து. விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். எழும்பி நிற்கிறாளோ, அடி வைக்கிறாளோ என்று அறிய வேண்டும் போல இருக்கிறது. போய்க் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.