ஒரே பகலில் ஏழு நாள் சுற்றுலா

சற்று முன் தெருவில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. ஊளையும் இல்லை, சங்கும் இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போகிற ஒரு கூவல். மொன்றியலில் பனி அள்ளும் வாகனம் வருமுன்னர், தெருவில் நிற்கிற காரை எடுக்கச் சொல்லி அப்படித்தான் சைரன் அடிப்பார்கள். எனக்கு இது மூன்றாவது பனிக்காலம். இன்னமும் அந்தச் சத்தத்துக்கு முதலில் எழும்புவது என் கால்கள்தான், பிறகுதான் நான். இன்றைக்கு மகளும் எழும்பிவிட்டாள். அவள் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன், நான் பார்த்த ஒரு வேலையைச் சொல்லவேண்டும். டூரிஸ்ட் வேலை. சம்பளம் கிடையாது. பிழை விட்டால் போவது வேலை மட்டுமல்ல. சண்டையில் எங்கள் ஊருக்கான பாதை பூட்டிய வருடத்தில் ஏஜென்சியைப் பிடித்துத் தாய்லாந்து வழியாக வந்தவர்கள் எல்லாரும் அந்தத் தொழிலில் என் கூட்டாளிகள். நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

கொண்டி போடாத அறை

என் கணவர் அப்போது மொன்றியலில். நானும் இரண்டு வயது மகளும் பட்டாயாவில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில். ஏஜென்சிக்காரர் எங்களுக்கு மலேசியப் பாஸ்போட்டுகளோடு, எனக்கென்று ஒரு புதுக் கணவரையும் ஒழுங்கு பண்ணியிருந்தார். “குடும்பமாப் போனா ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான்” என்றார். புதுக் கணவர் மன்னாரில் கடல்தொழில் செய்தவர். அவருடைய சொந்த மனைவியும் மூன்று பிள்ளைகளும் அங்கே ஒரு முகாமில் இருந்தார்கள். நான் அவரை அறைக்குள் ‘அண்ணை’ என்றும், வெளியே ‘இஞ்சாருங்கோ’ என்றும் கூப்பிடவேண்டும்.

அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. உள்ளே கொண்டி போடக்கூடாது. ஏஜென்சிக்காரர் எந்த நேரமும் வந்து ஏற்றுவார், தட்டிக்கொண்டு நிற்கமாட்டார். நான் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளியில் விடுதியில் வளர்ந்தவள். தெரியாத ஆணுக்குப் பக்கத்தில் பஸ்ஸில்கூட இருந்ததில்லை. முதல் இரவு மகளைச் சுவர்ப்பக்கம் கிடத்திவிட்டு, கத்தரிக்கோலைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். அவர் கண்டுவிட்டார். பாயை இழுத்துக்கொண்டுபோய்க் கதவுக்குக் குறுக்கே விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்தார்.

“நான்தான் கொண்டி, தங்கச்சி. ஆரும் உள்ளை வாறதெண்டா முதல்லை என்னை மிதிக்கோணும்.”

மூன்று உடுப்பு

பறப்பதற்கு இரண்டு நாளுக்கு முன் ஏஜென்சிக்காரர் ஒரு மலிவுக் கமெராவோடு வந்தார். விமான நிலையத்தில் கேட்டால் காட்டப் படங்கள் வேண்டும். ஒரே பகல், ஒரே பிலிம் ரோல். ஆனால் ஏழு நாள் சுற்றியதுபோல இருக்கவேண்டும். ஆளுக்கு மூன்று உடுப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் இருக்க வாங்கு போட்ட பிக்கப் வாகனத்தில் தொங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

நீலச் சட்டையோடு கடற்கரையில் ஒரு படம். கழிவறையில் போய் மாற்றிவிட்டு, அதே கடற்கரையில் மற்றப் பக்கம் திரும்பி நின்று இன்னொரு படம். இப்படியே திங்களும் செவ்வாயும் முடிந்தன. மத்தியானம் மூன்று பேருக்கும் ஒரு பிளேட் சோறு. ஆனால் படம் எடுத்தது, வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டு எழும்பிப்போன மேசையில், அவர்கள் விட்ட இறால் கோதுகளுக்கு முன்னால். கழுத்தில் என் தாலி இல்லை. அதில் சிலுவை இருந்தபடியால் கழற்றி மகளின் சட்டை விளிம்புக்குள் வைத்துத் தைத்திருந்தேன். கை அடிக்கடி வெறுங்கழுத்துக்குப் போனதைப் பக்கத்தில் நின்ற அண்ணை கண்டார்.

“சிரியும் தங்கச்சி. உல்லாசமா வந்த ஆக்கள் செத்தவீட்டுக்கு வந்த மாதிரியே நிப்பினம்?”

கடலுக்குப் பயப்படத் தெரியாதவர்

புதனுக்கும் வியாழனுக்குமாகத் தீவுக்குப் போனோம், உள்ளதில் மலிவான படகில். நடுவழியில் அலை தூக்கிப் போட்டது. பயணிகள் எல்லாரும் கூச்சல் போட, எங்கள் அண்ணை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அகட்டி நின்றார், வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல. தீவில் படகு கட்டும்போது அங்கத்தைய ஆள் போட்ட முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. போய் அதை அவிழ்த்துத் தானே கட்டினார்.

நானும் திறமில்லை. அலை வந்த நேரம் என்னை அறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன், பாஸ்போட்டில் என் பெயர் லட்சுமி. ஏஜென்சிக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. “அக்காவுக்குச் சிலுவை, அண்ணைக்குக் கயிறு! அண்ணை, நீர் கந்தோரிலை கணக்கெழுதிற ஆள். கடலைப் பாத்துக் கொஞ்சம் பயப்பிடும்” என்று பல்லைக் கடித்தார். அண்ணை கையை வேட்டியில் துடைக்கப் போனார். அங்கே வேட்டி இல்லை, கட்டைக் காற்சட்டைதான் இருந்தது.

“பயந்துதான் தம்பி வந்தனாங்கள். ஆனா கடலுக்கில்லை.”

பிஸ்கட் பாடம்

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் மலையில் இருக்கும் பெரிய புத்தரடியில் முடித்தோம். அங்கே பார்க்கக் காசு கேட்கமாட்டார்கள். படிக்கட்டில் மகளை இருத்தி, ஏஜென்சிக்காரர் பாடம் நடத்தினார். “இது ஆர்?” என்று அண்ணையைக் காட்டுவார். ‘மாமா’ என்றால் ஒன்றும் இல்லை. ‘அப்பா’ என்றால் ஒரு சொக்கலேட் பிஸ்கட். மகள் பிறக்குமுன்னரே அவளின் அப்பா கனடா வந்துவிட்டார். அவளுக்கு அந்தச் சொல் புதிது, ருசியாகவும் இருந்தது.

நான் மற்றப் பக்கம் இருந்து அண்ணைக்கு இங்கிலீஷ் பாடமாக்கினேன். “பமிலி ஹொலிடே, சேர்.” “வெரி நைஸ் பீச், சேர்.” பொய் சொன்னால் முழங்காலில் நிறுத்திய சிஸ்டர்மாரின் இங்கிலீஷ் அது. இறங்கும்போது மகள் அவரின் தோளில் இருந்து, பிஸ்கட் இல்லாமலே ‘அப்பா, அப்பா’ என்று அவர் தலையில் தாளம் போட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார்.

“குறை நினையாதை தங்கச்சி. என்ரை கடைசியும் இந்த உயரம்தான்.”

உண்மை பேசிய இடம்

பாங்கொக் விமான நிலையத்தில் நானும் மகளும் முன்னுக்கு, அவர் பின்னுக்கு. எங்கள் இருவருக்கும் முத்திரை குத்தியாகிவிட்டது. அடுத்து அவருடைய பாஸ்போட்டைப் பார்த்த அதிகாரி, கைகளைத் திருப்பிக் காட்டச் சொன்னான். கணக்கெழுதுகிறவரின் உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. எல்லாவற்றையும் மாற்றிய நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. இன்னொருவன் வந்து அவர் தோளில் கை வைத்தான். “அவர்களும் உன்னோடு வந்தவர்களா?” என்று அதிகாரி என்னைக் காட்டிக் கேட்டான்.

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. நான் படிப்பித்த மூன்று நாலு சொல்லில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டார். “நோ பமிலி, சேர்.” அந்த நேரம் மகள் என் கையை உதறிக்கொண்டு “அப்பா!” என்று கத்தினாள். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். அதிகாரி என்னைக் கேட்டான், இவர்தான் இந்தப் பிள்ளையின் தகப்பனா என்று. “நோ, சேர்” என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைச் சொன்னதற்குத்தான் இன்றைக்கும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும்போல இருக்கிறது. அண்ணை மெல்லச் சிரித்தார்.

“ஸ்மோல் பேபி, சேர். மிஸ்டேக்.”

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஏழு நாள் படங்களையும் ஒருவரும் கேட்கவில்லை. இனி அவை எனக்குத்தான் ஆபத்து. விமானத்துக் கழிவறையில் இருந்து ஒவ்வொன்றாகக் கிழித்தேன்.

மாமா

இங்கே வந்த அன்று, கணவர் நீட்டிய கைக்குள் மகள் போகவில்லை. அவரை ‘மாமா’ என்றாள். பாவம், ஒரு மாதம் பொறுத்துவிட்டு, அவரும் சொக்கலேட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார். நான் பெட்டியைப் பறித்துக் குப்பையில் போட்டேன். எங்கள் வீட்டுக் கதவுக்கு நல்ல இரும்புக் கொண்டி உண்டு. ஆனால் இரவில் நான் அதில் கை வைத்தால் மகள் வீரிட்டுக் கத்துவாள், “அப்பா வெளியிலை!” என்று. ஆகவே இவ்வளவு காலமும் வெறும் திறப்பால் மட்டும் பூட்டிவிட்டு, ஒவ்வொரு காலடிக்கும் விழித்துக்கொண்டு கிடந்தேன். அண்ணையைத் திருப்பி அனுப்பினார்களோ, மறித்து வைத்திருக்கிறார்களோ, தெரியாது. ஏஜென்சிக்காரரின் தொலைபேசி எப்போதோ செத்துவிட்டது. மன்னார்ப் பக்கத்துச் செய்தியைக் கேட்கவே இப்போது பயமாக இருக்கிறது.

இன்றிரவு அந்தக் கூவல் கேட்டதும் கணவர் காரை நகர்த்த ஓடினார். மகள் எழும்பிவந்து, அவர் திரும்பி வரும்வரை வாசலில் நின்றாள். அவர் பனியை உதறிவிட்டு உள்ளே வந்ததும், கதிரையை இழுத்துக் கதவடியில் போட்டு ஏறினாள். விரலை மடித்து எண்ணினாள். விளையாட்டுச் சாமான்களை எண்ணிப் பெட்டிக்குள் போட்டு மூடும்போது கார்டெறியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சொல்லிக்கொடுத்த ‘அவ்வளவுதான்’ என்கிற பிரெஞ்சுச் சொல்லையும் கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

“அம்மா உள்ளை, நான் உள்ளை, அப்பா உள்ளை. செ தூ.”

கணவர் சுவரில் சாய்ந்து அழ, நான் கொண்டியாகக் கிடந்த ஒருவரின் முதுகை நினைத்துக்கொண்டு நிற்க, மகள் இரண்டு கையாலும் தள்ளிக் கொண்டியைப் போட்டாள்: ஒரே பகலில் முடித்த சுற்றுலாவில் இருந்து நாங்கள் வீடு வந்து சேர இரண்டு வருடம் பிடித்தது, அதுவும் ஒரு ஆள் குறைய.