டோக்கன் வீடு

பள்ளிக்கரணையைத் தாண்டும்போதே ஈரச் சிமெண்டும் சேற்றுத் தண்ணீரும் கலந்த வாடை மூக்கில் ஏறிவிடுகிறது. தங்கையிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வேளச்சேரிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. ஊருக்கு வெளியே அரசாங்கம் எங்களுக்கு ஒதுக்கிய ஒற்றை அறை வீடு அது. அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா போய் மூன்று மாதம். தங்கைக்குப் புருஷன், இரண்டு பிள்ளைகள். நானும் படுத்தால் யாரோ ஒருவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். "சாப்ட்டுனாச்சும் போண்ணா" என்றாள். நான் நிற்கவில்லை.

நாங்களும் ஒரு காலத்தில் சொந்த வீடு வாங்கத் திட்டம் போட்டவர்கள்தான். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் கரையில் எங்கள் குடிசை. அப்பா "மீன்பாடி வண்டி" மிதித்தார், மீன் கூடை ஏற்றும் மூன்று சக்கர வண்டி. அம்மா மைலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். நான் ஆறாவது படித்த வருஷம், நாலு தெரு தள்ளி ஸ்டவ் ரிப்பேர் செய்யும் ஒருவர் தன் ஓட்டு வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். ஓர் அறை, ஒரு பரண், தனிக் குழாய், பட்டா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இரண்டு ஏலச்சீட்டு கட்டி, இரண்டையும் ஆடியில்தான் எடுப்பது என்று காத்திருந்தாள். ஆடியில் கல்யாணம் இல்லை, சீட்டுக்குப் போட்டி இருக்காது, கழிவு குறையும் என்பது அவள் கணக்கு. மீதிக்குக் கம்மலை விற்றுவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பிலிருந்து மீன் நின்றுபோனது. மீன் வண்டிக்காரன் வீட்டில் மீன் இல்லை என்று தெருவே சிரித்தது.

குறுக்கே வந்தது "டோக்கன்". கரையோரக் குடிசைகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் எங்கள் கதவில் சிவப்பு பெயிண்டால் எண் எழுதி, ஓர் அட்டையும் கொடுத்துப் போயிருந்தார்கள். என்றைக்காவது காலி செய்யும்போது அந்த அட்டைக்கு ஒரு வீடு கிடைக்கும். வேறு வீடு இருப்பது தெரிந்தால் எண்ணை அடித்துவிடுவார்கள் என்றும், சரிபார்க்க வரும்போது கதவு பூட்டியிருந்தாலே போச்சு என்றும் பேச்சு. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் கரை முழுக்க ஒருவரும் கதவைப் பூட்டவில்லை. எங்கள் வீட்டில் பகலில் ஆள் இல்லாததால் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வாசலில் உட்காரவைத்தார்கள். "ஒரு மாசம்தாண்டா" என்றார் அப்பா. பையன்கள் எல்லாம் பள்ளிக்குப் போய்விட்ட தெருவில் நாளெல்லாம் தனியாக உட்கார்ந்திருந்தேன். சரிபார்க்க யாரும் வரவில்லை, நானும் மறுபடி பள்ளிக்குப் போகவில்லை.

ஆடியில் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் புறப்பட்ட காலையில் அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சும்மா வர்ற வூட்ட வுட்டுட்டு துட்டு குடுத்து வாங்குறியே, இன்னா புத்தி உனக்கு?"

"யோவ், சும்மா குடுக்கறவன் எங்க குடுப்பான்? கடலுக்குள்ளியா?"

"எங்க குடுத்தா இன்னா? பஸ்ஸு வுடுவான்."

"டோக்கன் உம் பேருல இருக்கட்டும். வூட்ட எம் பேருல வாங்கிக்கறேன்."

"ரேசன் கார்டு ஒண்ணுதான கீது? கம்ப்யூட்டர்ல காட்டிக் குடுத்துரும்டி."

அம்மா பணப்பையைத் திருப்பி அரிசிப் பானைக்குள் வைத்தாள். பிறகு வேலைக்குப் போனாள். அடுத்த வாரம் ஒரு பழைய இரும்பு வியாபாரி அந்த வீட்டை வாங்கிக் கிடங்காக்கிவிட்டான். எங்கள் பணம் வண்டிக்கு மோட்டார் ஆனது, கூரை ஆனது, தங்கையின் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிச் செலவு ஆனது.

டோக்கன் பொய்க்கவில்லை. ஏழு வருஷம் கழித்து லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் வீடு கொடுத்தார்கள். அங்கே மோட்டார் வண்டிக்கு மீன் இல்லை. அம்மா இரண்டு பஸ் மாறி மைலாப்பூர் போய்ச் சேருவதற்குள் பாத்திரம் காய்ந்துவிட, மூன்று வீடும் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போயின. அப்பாவை அவள் திட்டி நான் கேட்டதில்லை. "சும்மா வந்த வூட்டுக்கு பஸ்லதான் வாடக குடுக்கறோம்" என்று மட்டும் எப்போதாவது சொல்வாள்.

நான் அங்கே தங்கவில்லை. லாரி கிளீனர், பெயிண்டர், கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுப்பது என்று ஊர் ஊராகப் போய், அம்மா படுத்தபோதுதான் திரும்பினேன்.

வேளச்சேரியில் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினேன். கரையில் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் எங்கள் கதவு இருந்தது என்று வேலியோடு இரண்டு தடவை நடந்தும் பிடிபடவில்லை. நாலு தெரு தள்ளியிருந்த இரும்புக் கிடங்கும் இல்லை, அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். எப்போது வந்தாய் என்று கேட்கக்கூடத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் படிக்கட்டில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அடையாறில், கட்டிமுடியும் தறுவாயில் விலைக்கு நிற்கும் அடுக்குமாடி ஒன்றில், டைல்ஸ் சுமக்க ஆள் வேண்டுமென்று மேஸ்திரி தேடிக்கொண்டிருந்தார். கூலியைக் கேட்பதற்கு முன்பே, படுக்க இடம் உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"எந்த வூடு விக்கலியோ அதுல படுத்துக்க நைனா. வித்துட்டா பக்கத்து வூட்டுக்கு மாறிக்க."

சரி என்று முதல் பெட்டியைத் தோளில் ஏற்றினேன்.