அமாவாசை மதியத்துச் சேறு

நேற்று திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் சாக்கடை தூர் வாரினார்கள். கரிய சேற்றை அள்ளி ஓரமாகக் குவித்திருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் நின்று நன்றாக முகர்ந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். என்ன செய்ய, அந்த வாடை வந்தால் எனக்குப் பிச்சாவரமும் வந்துவிடும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பண்ருட்டியில் முந்திரி உடைத்தேன், கொட்டைப் பால் பட்டுக் கைத்தோல் உரிந்தது. லாரியில் கிளீனராகப் போனேன். சிதம்பரத்தில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். எதிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. அப்படி ஒரு மார்கழியில்தான் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு ஓட்டப் போய்ச் சேர்ந்தேன்.

கடலூரிலிருந்து ஒரு அறிவியல் வாத்தியார் சனிக்கிழமைதோறும் எட்டுப் பிள்ளைகளை ரயிலில் அழைத்து வருவார். குளிர்காலத்துக்கு வந்து பங்குனிக்குள் போய்விடும் பறவைகளைக் காட்டுவதற்காக. பிள்ளைகளோ படகில் ஏறியதும் புளிசோற்று டப்பாவைத் திறப்பார்கள். அந்தச் சத்தத்துக்கே பறவை கிளம்பிவிடும். மூன்று வாரமாக அவர்கள் பார்த்ததெல்லாம் பறவைகளின் முதுகைத்தான்.

அதையும் விடாமல் நோட்டில் வரைந்தவள் கனகா. ஏழாம் வகுப்பு, மீனவக் குப்பத்துப் பெண். "வெளக்கு வைக்கறதுக்குள்ள வூட்ல இருக்கணும். ஒரு நாள் தவறுனாலும் அதோட சரி" என்று சொல்லித்தான் அவள் அப்பா அனுப்பியிருந்தார். படகில் கால் வைக்கும்போதே கேட்பாள்:

"அண்ணே, அஞ்சு மணி ரயில புடிச்சிடலாம்ல?"

"நாலு மணிக்கே புடிப்போம் பாப்பா."

"அஞ்சு மணி ரயில நாலு மணிக்கு எப்பிடிண்ணே புடிப்ப?" பிள்ளைகள் எல்லாம் சிரிப்பார்கள்.

நான்காவது சனிக்கிழமை, பறவையைக் கிட்டத்தில் காட்டியே தீருவது என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. யாரும் போகாத ஒரு குறுகல் வாய்க்காலுக்குள் படகை விட்டேன். அங்கே கடல் தண்ணீர் ஏறி இறங்கும் என்று தெரியும். அமாவாசையன்று மதியத்துக்கு மேல் அடியோடு வற்றிப்போகும் என்பது, மாவு பிசைந்துவிட்டு வந்தவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு மணிக்கெல்லாம் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

இறங்கித் தள்ளினேன். தொடைவரை புதைந்தேன். வாத்தியாரும் இறங்கினார், பின்னாலேயே பிள்ளைகளும் குதித்தார்கள். சற்றுத் தள்ளி, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சிரித்தார்.

"தண்ணி ஏறுற வரைக்கும் சும்மா ஒக்காருய்யா. நீ தள்ளித்தான் கடலு வரப் போவுதா?"

உட்கார்ந்தோம். சோறு தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது. அப்போதுதான் பறவைகள் வந்தன. முதலில் நாலைந்து உள்ளான்கள், பிறகு சேறு முழுக்க உள்ளான்கள். படகுக்குப் பத்தடியில் ஒரு நாரை. அதன் காலடியில் சேற்றிலேயே வாழும் ஒரு வகை மீன்கள் துள்ளித் துள்ளி நடந்தன. ஒரு பிள்ளைகூட மூச்சுவிடவில்லை.

கனகா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே உட மாட்டாங்க சார்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி தடவதான, எல்லாத்தையும் வரைஞ்சிக்கிறேன்."

தண்ணீர் ஏறி நாங்கள் கரை சேர்ந்தபோது ஐந்து மணி ரயில் போயிருந்தது. அடுத்த ரயிலில் நானும் கூடவே போனேன். குப்பத்து முனையிலேயே அவள் அப்பா நின்றிருந்தார். வாத்தியார் வாயைத் திறப்பதற்குள், மகளின் முழங்கால்வரை காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார்.

"அமாவாச மத்தியானத்துல வாய்க்காலுக்குள்ள படக உட்டவன் எவன்?"

"நான்தாண்ணா."

"எந்த ஊருடா நீ? ஒனக்குத் துடுப்பக் குடுத்தவன ஒதைக்கணும்."

கனகா நோட்டை நீட்டினாள். தெருவிளக்கின் கீழ் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாரை இருந்த பக்கம் வந்ததும் நோட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இவ்ளோ கிட்டவா நின்னுச்சி?"

"ஆமாம்ப்பா."

"போய்க் காலக் கழுவு." பிறகு வாத்தியாரிடம் சொன்னார்: "புள்ள வரட்டும் சார். எந்தெந்த சனிக்கெழம மத்தியானத்துல தண்ணி நிக்கும்னு நான் சொல்லியனுப்பறேன். இவன் பேச்சக் கேக்காதீங்க."

நாங்கள் பயந்தது அந்த ஒரு வீட்டுக்குத்தான். மற்ற ஏழு வீடுகளைப் பற்றி நினைக்கவே இல்லை. சேற்றுச் சட்டையைப் பார்த்துவிட்டு அவர்கள் திங்கட்கிழமையே பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். பயணம் நின்றது.

வாத்தியார் என்னிடம் சொல்லத் தனியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அப்பா சொல்லச் சொல்ல கனகா எழுதிய தேதிகள், மாசி முடிய.

"மொத ஆளா வந்து இதக் குடுத்துட்டு, எங்கப்பா போவச் சொல்ட்டாரு சார்னு சிரிக்கிறா. நான் என்னப்பா சொல்றது?"

இன்று அந்த வாத்தியார் எந்த ஊரிலோ. அந்த வாய்க்கால் ஒரு மழைக்காலத்தில் மண் மூடிப்போயிற்று. நானும் அந்த மாசியோடு துடுப்பை விட்டேன். அதுவரை, காகிதத்திலிருந்த சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்தன. கனகா அப்பாவின் கணக்கு ஒரு முறையும் தவறவில்லை. மதியம் முழுக்கத் தண்ணீர் நிறைந்து நின்றது, படகில் ஏறத்தான் பிள்ளைகள் இல்லை.