பன்றிக்குக் காது இருக்கட்டும்

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் நடந்த கணினி வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு படித்தேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன்.

காதால் மட்டுமே விளையாடும் கணினி விளையாட்டுகள் சில அப்போதே எங்களைப் போன்றவர்களுக்கென்று வந்திருந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நம் ஆள் இடமிருந்து வலமாக நடப்பான். எதிரியின் காலடி வலது காதில் தொடங்கி நெருங்கி வரும். சத்தம் நடுவுக்கு வந்ததும் பொத்தானைத் தட்டினால் அவன் காலி. அவ்வளவுதான். எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. கண் இல்லாதவர்களுக்கு மூளையும் இல்லையென்று எவன் முடிவு செய்தான் என்று வகுப்பிலேயே கத்தினேன்.

"அப்ப நாமளே ஒன்னு செய்வோம்டி" என்றாள் பக்கத்தில் உட்காரும் தோழி. அவளுக்கு நிரல் எழுத வரும். எனக்கு வாய் இருந்தது.

எங்கள் விளையாட்டில் ஒரு பெண் தேயிலைச் சரிவில் நடந்து வீடு போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் காட்டுப்பன்றிகள். நமக்குக் காது இருப்பது போலப் பன்றிக்கும் காது இருக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கல் ரோட்டில் ஓடினால் அதற்குக் கேட்கும். புல்லில் நடந்தால் கேட்காது, ஆனால் நேரமாகும். கல்லை விட்டெறிந்தால் சத்தம் வந்த பக்கம் பாயும். மழையில் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தால் நம் சத்தம் அதற்குக் கேட்காது, அதன் சத்தம் நமக்கும் கேட்காது. தோட்டத் தொழிலாளர் லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்தவளுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? அடிக்கு அடி யோசிக்க வேண்டியிருந்தது. நானே எத்தனையோ முறை செத்தேன். சந்தோஷமாகச் செத்தேன்.

வகுப்பின் ஆண்டு விழாவில் விருந்தினர்கள் முன்னால் நான் அதை விளையாடிக் காட்டுவதாக ஏற்பாடு. திரையில் படம் எதுவும் கிடையாது, எல்லோருக்கும் ஸ்பீக்கரில் சத்தம் மட்டும்தான். நாங்களும் யோசித்து விளையாடுகிறவர்கள் என்று அன்றைக்குக் காட்டியே தீர வேண்டும் என்ற வெறி எனக்கு.

பாதி வழியில் அவசரப்பட்டு, பன்றிக்குப் பக்கத்திலேயே கல் ரோட்டில் ஓடிவிட்டேன். நான் செத்திருக்க வேண்டிய இடம் அது. பன்றியோ அதன் பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது. சந்தேகப்பட்டு, வேண்டுமென்றே இன்னொரு தரம் ஓடினேன். அப்போதும் சும்மாதான் நின்றது. சபை கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, என்ன செய்தாய் என்று தோழியைக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் நான் தோற்றால் பாவம் என்று எங்கள் வாத்தியார் சேர் நிரலை மாற்றச் சொன்னாராம்.

வகுப்பை நடத்திய அந்தச் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பிள்ளை, சனத்துக்கு முன்னால நீர் தோத்தா எனக்கு மனம் கேக்காது. அதாலதான் சொன்னனான்."

"எனக்காகப் பன்னியச் செவிடாக்கிட்டீங்களே சேர். பழசப் போடச் சொல்லுங்க. தோத்தா தோத்துட்டுப் போறேன்."

நான் மெதுவாகப் பேசவில்லை.

தோழி பழையதைப் போட்டு, பன்றிக்கு எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்று சபைக்குச் சிங்களத்திலும் சொன்னாள். இம்முறை புல்லில் நடந்தேன். கல்லெறிந்து ஒரு பன்றியைப் பள்ளத்துக்குத் துரத்தினேன். வீட்டை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையை நம்பாமல் வெளியிலேயே நடந்தேன். பன்றி என்னைத் தூக்கி அடித்தது. ஒருவரும் கைதட்டவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி எழுந்து வந்தார். கொட்டகை இருக்கும்போது வெளியே நடந்தது மடத்தனம் என்று சிங்களத்தில் என்னோடு சண்டைக்கே நின்றார். உள்ளே போனால் பன்றி வாசலில் நிற்பதுகூடத் தெரியாது என்று நானும் விடவில்லை. சரி, பார்க்கலாம் என்று அவரே உட்கார்ந்து ஆடினார். கொட்டகை வாசலில் செத்தார். இன்னொரு முறை கேட்டார்.

என்னைப் பாவம் என்றவர்கள் ஏராளம். நான் எடுத்த முடிவு தப்பு என்று சரிசமமாக என்னோடு மல்லுக்கு நின்ற முதல் அந்நியர் அவர்தான், அதனால்தான் இன்றைக்கும் யாராவது எனக்காக எதையாவது சுலபமாக்க வந்தால், தோற்பதாக இருந்தாலும் என் புத்தியால் தோற்றுக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன்.